மறைத்துச் சூடிய மாலை

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடகிழக்காகச் செல்லும் சாலை ஏறக்குறைய 11 கிலோமீட்டர் நீளமுடையது. இடப்புறத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை வழிநெடுகத் துணை வரும். ஊர் நெருங்கும்போது வடபத்ரசாயிப் பெருமாள் கோயிலின் 11 நிலைக் கோபுரம், 192 அடி உயரத்தோடு, வருகிறவர்களை முன்கூட்டியே எதிர்கொள்ளும். விஜயநகர காலத்தில் தெலுங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறிய ராஜு குலத்தார் பெருகி வாழும் ஊர் ராஜபாளையம். அவர்கள் இல்லங்களில் இன்றும் தெலுங்கு பேசப்படுகிறது. அந்தத் தெலுங்கில்தான், 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிராட்டியின் சரிதையைப் பெருங்காவியமாகப் பாடினார். அந்தக் காவியத்திற்கு அவர் இட்ட பெயர் ஆமுக்தமால்யதா. தான் சூடிய மாலையை அளித்தவள் என்று பொருள். நாம் தமிழில் சூடிக்கொடுத்த நாச்சியார் என்கிறோம்.

இங்கே ஒன்று நோக்கத்தக்கது. பிராட்டிக்கு வழங்கும் திருநாமங்கள் பல. கோதை என்பது தந்தையார் இட்ட பெயர். ஆண்டாள் என்பது எம்பெருமானையே ஆண்டமையால் வந்த பெயர். ஆயினும் தமிழரும் தெலுங்கரும் ஒருசேரக் கொண்டாடும் சூடிக்கொடுத்தவள் என்னும் பெயரோ, அவள் தந்தையாருக்கும் தெரியாமல் ஒளித்துச் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுகிற பெயர். எதை ஒருவரும் அறியலாகாது என்று அவள் மறைத்தாளோ, அதுவே ஊரும் உலகும் அறிந்த திருநாமமாயிற்று.

மனிதர் ஏன் மறைக்கிறார்கள்? மறைத்தது வெளிப்பட்டபின் என்ன ஆகிறது? இந்தக் கேள்விகளை முன்னிட்டுக்கொண்டு பிராட்டியின் சரிதையை ஒருமுறை அநுபவிக்க நாம் விரும்புகிறோம். குருபரம்பரை காட்டிய வழியிலேயே செல்வோம்.

துளசிவனத்தில் கிடைத்த மகள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் வேயர் குலத்தில், ஆனி மாதத்து ஸ்வாதி நட்சத்திரத்தில் அவதரித்தவர் விஷ்ணுசித்தர். எம்பெருமானுக்கு எந்தக் கைங்கர்யம் மிகவும் உகப்பானது என்று அவர் ஆராய்ந்தார். கண்ணன் வடமதுரைக்கு எழுந்தருளியபோது மாலை கட்டுகிற ஒருவருடைய இல்லத்தைத் தேடிச் சென்று, தானே கேட்டு மாலை பெற்றுச் சூடிக்கொண்ட வரலாறு அவருடைய திருவுள்ளத்தைப் பற்றிக்கொண்டது. கேட்டுப் பெறும் அளவுக்கு அவனுக்கு மாலையில் ஆசை உண்டென்றால் நமக்கு வேறு கைங்கர்யம் எதற்கு என்று அறுதியிட்டார். நிலம் திருத்தி, நந்தவனம் அமைத்து, வடபெருங்கோயிலுடையானுக்கு நாள்தோறும் மாலை கட்டி ஸமர்ப்பிப்பதே அவருடைய வாழ்வாயிற்று.

பாண்டியன் வல்லபதேவனுடைய சபையில் பரத்வ நிர்ணயம் செய்து பொற்கிழி பெற்றதும், யானைமேல் ஊர்வலம் வருகையில் கருடாரூடனாக எம்பெருமான் ஸேவை ஸாதித்ததும், அந்த அழகுக்குக் கண்ணெச்சில் வாராதிருக்க வேண்டுமே என்று அஞ்சித் திருப்பல்லாண்டு பாடியதும் நாமெல்லாம் அறிந்தவையே. ரக்ஷகனுக்குத் தாம் ரக்ஷை தேடிய பரிவினால் அவர் பெரியாழ்வாரானார். பெரியாழ்வாருடைய இந்தப் பரிவைச் சற்றே மனத்தில் இருத்திக்கொள்வோம். மகளின் மாலையைக் கண்டபோது அவர் ஏன் அவ்வளவு நடுங்கினார் என்பது இதைக்கொண்டே விளங்கும்.

நள வருஷம், ஆடி மாதம், பூர நட்சத்திரத்தில், அந்த நந்தவனத்துத் துளசிச் செடியின் அடியில் ஒரு பெண் குழந்தையை ஆழ்வார் கண்டெடுத்தார். பூமிப்பிராட்டியின் அவதாரம் என்று நம் பெரியோர்கள் அறுதியிட்ட அந்தக் குழந்தைக்குக் கோதை என்று பெயரிட்டு வளர்த்தார். மற்றக் குழந்தைகளுக்குப் பாலோடு ஊட்டுவது சோறு. இந்தக் குழந்தைக்குப் பாலோடு ஊட்டியது கண்ணனுடைய கதை. மண்ணை உண்டது, உரலோடு கட்டுண்டது, குழல் ஊதியது எல்லாவற்றையும் ஆழ்வார் தாயாயிருந்து பாடினார். கேட்டு வளர்ந்த மகளுக்கு அந்தப் பிள்ளை மணவாளனாகத் தோன்றினான். தந்தை கொடுத்த ஒரே செல்வம், இருவர் நெஞ்சிலும் இரண்டு வகையாக விளைந்தது. தந்தைக்கு அது பரிவு. மகளுக்கு அது காதல்.

அறையில் நடந்தது

ஆழ்வார் மாலையைக் கட்டிப் பூங்குடலையில் வைத்துவிட்டு அநுஷ்டானத்திற்குச் செல்வார். அவர் திரும்பி வருவதற்குள் கோதை அந்த மாலையை எடுத்துத் தன் குழலிலே சூடிக்கொள்வாள். அவனுக்கு நேரொத்திருக்கிறோமா என்று தன் வடிவைப் பார்த்துக்கொள்வாள். பிறகு, கலையாதபடி களைந்து முன்போல் குடலையில் வைத்துவிடுவாள். இது ஒருநாள் நடந்ததன்று, பலநாள் நடந்தது. அவள் தன் திருமேனியின் நிழலைப் பார்த்தது என்று சொல்லப்படும் கண்ணாடிக் கிணற்றை இன்றும் ஆண்டாள் ஸந்நிதியில் நாம் ஸேவிக்கிறோம்.

இனி, அவள் ஏன் இதை மறைத்தாள்? உலகத்தார் மறைப்பதற்கான காரணங்களை எண்ணிப் பார்த்தால் அவை பெரும்பாலும் நான்கு வகையில் அடங்கும். குற்றம் செய்தவன் தண்டனைக்கு அஞ்சி மறைக்கிறான். பேராசையுள்ளவன் தனக்குக் கிடைத்தது பிறருக்கும் கிடைத்துவிடுமோ என்று மறைக்கிறான். அன்புள்ளவன், அன்புக்குரிய பொருளுக்குத் தீங்கு வருமோ என்று மறைக்கிறான். நான்காவது, எல்லாவற்றிலும் நுட்பமானது: ஒரு நினைவு நெஞ்சில் அரும்பியிருக்கிறது, அதைச் சொன்னால் கேட்பவர் அதை ஒரு கோலால் அளந்து, தகாது என்று தீர்ப்பளித்துவிடுவாரோ என்று அஞ்சி மறைப்பது.

கோதையின் மறைப்பில் முதல் இரண்டுக்கும் இடமில்லை. தான் செய்தது அபசாரம் என்று அவள் எண்ணியிருந்தால், பலநாள் செய்திருக்கமாட்டாள். அவனை வேறு எவரும் அடையலாகாது என்றும் அவள் எண்ணவில்லை. அவ்வாறு எண்ணினவள் திருப்பாவை பாடியிருக்கமாட்டாள். அவளுக்கு இருந்தது நான்காவது அச்சமே. எம்பெருமானுக்கு நான் தக்கவள்தானா என்பது அவளுடைய கேள்வி. அதை ஒரு மானிடரிடம் கேட்டால் என்ன விடை வரும்? மனிதப் பெண் எங்கே, ஸர்வேச்வரன் எங்கே என்பார்கள். ஆகவே அவள் கிணற்று நீரிடம் கேட்டாள். நீர் உள்ளபடி காட்டும், எவரிடமும் சொல்லாது, தகும், தகாது என்றும் பேசாது.

அவளுடைய நெஞ்சுக்கு இனிய கண்ணனும் மறைவில் வளர்ந்தவன்தானே. ஒருத்திக்குப் பிள்ளையாகப் பிறந்து, பிறந்த இரவிலேயே மற்றொருத்தியின் பிள்ளையாகி, கம்ஸன் அறியாதபடி அவன் வளர்ந்த அந்தப் பெரிய ரஹஸ்யத்தைத் திருப்பாவையின் 25ஆம் பாசுரத்தில் பிராட்டியே வியந்து பேசுகிறாள். தேவகியும் வஸுதேவரும் அதை மறைத்தது பொய்யினாலன்று. குழந்தையின்மேல் வைத்த பரிவினால். நாம் மேலே மூன்றாவதாக எண்ணிய காரணம் அது. இளஞ்செடிக்கு வேலி வேண்டும். வேலி, செடி தன் காலில் நிற்கும்வரை வேண்டியது.

வெளிப்பட்டது

ஒருநாள் ஆழ்வார் எதிர்பாராத வேளையில் இல்லத்திற்குள் வந்தார். மகள் மாலையோடு நிற்கக் கண்டார். மாலையிலே ஒரு கூந்தலிழையைக் கண்டு அறிந்தார் என்று சொல்லுவாரும் உண்டு. எவ்வகையாயினும் அவர் கண்டதை நாம் அவருடைய நெஞ்சில் நின்று பார்க்க வேண்டும். ஒருவர் முகர்ந்த மலரும் எம்பெருமானுக்கு ஆகாது என்பது சாஸ்த்ரம். தம் வாழ்வு முழுவதையும் மாலைக் கைங்கர்யம் ஒன்றுக்கே கொடுத்தவர் அவர். பெருமானுக்குக் கண்ணெச்சில் படுமோ என்று பல்லாண்டு பாடியவர். அவருடைய கையாலேயே, அவர் அறியாமலேயே, சூடிக் களைந்த மாலை எத்தனை நாள் பெருமான் திருமேனிக்குச் சென்றதோ! அந்த நொடியில் அவருக்கு வாழ்நாள் கைங்கர்யம் முழுதுமே பழுதானதுபோல் இருந்திருக்கும்.

இந்த இடத்தில் ஆழ்வார் செய்தவை இரண்டு, செய்யாதது ஒன்று. மகளைக் கண்டித்தார். அன்று அந்த மாலையை ஸமர்ப்பிக்காமல் நிறுத்திவிட்டு, வருத்தத்தோடு இருந்தார். செய்யாதது என்னவெனில், அவர் தாமும் ஒரு மறைவைத் தொடங்கவில்லை. நிகழ்ந்ததை எவருக்கும் தெரியாமல் மூடிவிட்டு ஒன்றும் நடவாததுபோல் நடந்துகொள்வது அவருக்குக் கைவந்திருக்கும். வீட்டின் மானத்தைக் காப்பதற்காக நம்மில் எத்தனை பேர் அப்படிச் செய்கிறோம்! ஆழ்வாருக்கு அது தோன்றவில்லை.

அன்றிரவு ஸ்வப்னத்தில் எம்பெருமான் தோன்றி, மாலை வாராமைக்குக் காரணம் கேட்டான். கேட்டவன் எல்லாம் அறிந்தவன், அறிந்தே கேட்டான். ஆழ்வார் நடந்ததை நடந்தபடி விண்ணப்பம் செய்தார். மகளின் குற்றம் என்று தாம் நினைத்ததையும் மறைக்கவில்லை, தம்முடைய கவனக்குறைவையும் மறைக்கவில்லை. அப்பொழுதுதான் பெருமான் தன் திருவுள்ளத்தை வெளியிட்டான். அவள் சூடிய மாலையே நமக்கு மணமிக்கது, அதுவே நமக்கு வேண்டுவது என்று நியமித்தான்.

நன்றாகப் பார்த்தால், இந்தக் கதையில் மறைத்துவைத்திருந்தவர் இருவர். கோதை தன் காதலை மறைத்தாள். பெருமானும் தன் உகப்பை மறைத்திருந்தான். அவள் சூடிய மாலையை ஒவ்வொரு நாளும் உகந்து ஏற்றுக்கொண்டே, ஒன்றும் சொல்லாதிருந்தான். மாலை ஒருநாள் நின்றபின்னரே அவனுடைய ரஹஸ்யம் வெளிப்பட்டது. கோதையோ, தகுமா தகாதா என்று கிணற்றிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். விடை சொல்லவேண்டியவன் முன்பே விடையை மாலையாகச் சூடிக்கொண்டிருந்தான். ஆழ்வார் மறைத்திருந்தால் இந்த இரண்டும் சந்தித்திரா.

ஒரு வார்த்தை இங்கே சொல்லியாக வேண்டும். பிராட்டி செய்தாள் என்று நாமும் செய்யத்தகாது. எம்பெருமானுக்கென்று எடுத்த மலரை நாம் முகர்வதில்லை. அமுதுசெய்யும் முன் எதையும் சுவைப்பதில்லை. அவள் பூமிப்பிராட்டி, அவள் சூடியது அவனுடைய உடைமையாகவே இருந்து சூடியது. மறைத்துச் செய்த எல்லாமே வெளிப்பட்டபின் உகப்பாகிவிடும் என்பதும் பொருளன்று. குற்றம் குற்றமே. ஆயினும், குற்றமோ குணமோ, அதைத் தீர்ப்பதற்கு உரியவன் முன்னே வைக்கும்வரை நாமாக அதை அறியமுடியாது என்பதே நாம் கொள்ளத்தக்கது.

நோன்பின் உள்ளே இருந்த நினைவு

வெளிப்பட்டபின் கோதையின் வாழ்வில் நிகழ்ந்தது அதனினும் பெரிது. தனியறையில் தான் ஒருத்தியாக நின்றவள், ஊர்ப் பெண்களையெல்லாம் அழைக்கத் தொடங்கினாள். ஸ்ரீவில்லிபுத்தூரே ஆய்ப்பாடியாக, தோழியரே ஆய்ச்சியராக, வடபெருங்கோயிலே நந்தகோபர் திருமாளிகையாக, வடபத்ரசாயியே கண்ணனாகப் பாவித்துத் திருப்பாவையின் 30 பாசுரங்களைப் பாடினாள். 6ஆம் பாசுரம் தொடங்கி 15ஆம் பாசுரம் வரை, பத்துப் பெண்களை வாசல்தோறும் சென்று எழுப்புகிறாள். பகவதநுபவத்தைத் தனியே உண்ணலாகாது என்பதே அந்தப் பத்துப் பாசுரங்களின் கருத்து என்று நம் பூர்வாசாரியர்கள் காட்டுவர்.

திருப்பாவையிலும் ஒரு மறைவு உண்டு. மழை பெய்யவேண்டும், நாடு செழிக்கவேண்டும், பறை கொள்ளவேண்டும் என்று வெளியில் நோன்பு நடக்கிறது. கண்ணனோடு சேரலாகாது என்று பெண்களை வீட்டில் அடைத்திருந்த ஆய்ப்பாடிப் பெரியோர்கள், மழைக்காக அவர்களே அந்த நோன்புக்கு இசைந்தார்கள் என்று வியாக்கியானங்கள் பேசும். பெண்களுக்கோ நோன்பு ஒரு வ்யாஜம். உள்ளே இருந்தது வேறு. அந்த உள்ளத்தை 29ஆம் பாசுரத்தில் பிராட்டி கண்ணனிடம் திறந்துவிடுகிறாள். பறை என்று கேட்டோமே, அந்தப் பறைக்காக வந்தவர்கள் அல்லோம். எந்தப் பிறவியிலும் உன்னோடு உறவு நீங்காமல் உனக்கே அடிமை செய்ய வேண்டும், எங்களுக்கு உள்ள மற்ற ஆசைகளையும் நீயே மாற்றவேண்டும் என்பது அதன் கருத்து. 28 பாசுரங்கள் பொறுத்திருந்து, அவன் எதிரே நின்றபின் அதைச் சொன்னாள். யாரிடம் சொல்லவேண்டுமோ அவனிடம், சொல்லவேண்டிய காலத்தில் சொன்னாள்.

ஊரறிந்த காதல்

திருப்பாவையில் தோழியர் கூட்டத்தோடு பாடியவள், நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில் பிரிவாற்றாமையால் துடிக்கிறாள். காமனைத் தொழுகிறாள், கூடல் இழைக்கிறாள், குயிலைக் கெஞ்சுகிறாள், மேகத்தைத் தூது விடுகிறாள். பெருமானுடைய வாயமுதத்தின் மணத்தையும் சுவையையும் வெண்சங்கிடம் கேட்கிறாள். மானிடர்க்கு உரியவள் என்று பேச்சு எழுந்தாலே உயிர் தரியேன் என்று முதல் பதிகத்திலேயே அறுதியிட்டுச் சொல்லுகிறாள்.

பன்னிரண்டாம் பதிகத்தில் உறவினரைப் பார்த்துப் பேசுமிடம் நம் கருத்துக்கு மிகவும் இன்றியமையாதது. இனி வெட்கப்பட்டு ஒரு பயனும் இல்லை, அக்கம்பக்கத்தார் யாவரும் அறிந்துவிட்டார்கள். என்னைக் காக்கவேண்டுமானால் அவன் இருக்கும் இடத்தில் கொண்டுபோய் விடுங்கள் என்கிறாள். மதுரைப்புறம், நந்தகோபர் வாசல், யமுனைக்கரை, காளியன் மடுவின் கரை, கோவர்த்தனம், துவாரகை என்று இடங்களையும் எண்ணிக் கொடுக்கிறாள். அதே பதிகத்தில் அவள் வளர்த்த கிளியும் வருகிறது. கூட்டில் இருந்துகொண்டு அது ஓயாமல் கோவிந்த நாமத்தைச் சொல்லுகிறது. உணவு கொடாமல் ஒறுத்தாலோ, அடங்காமல், உலகளந்தவனுடைய நாமத்தை முன்னிலும் உரக்கக் கூவுகிறது. கிணற்று நீர் காத்த ரஹஸ்யத்தைக் கிளி காக்கவில்லை. வாயை அடைத்தால் ஓசை மிகுகிறதே அன்றிக் குறையவில்லை. நெஞ்சில் பழுத்த காதலும் அத்தகையது.

இன்றும் பிராட்டியின் இடத் திருக்கையில் நாள்தோறும் புதிதாகச் செய்த கிளி ஒன்று சாத்தப்படுகிறது. மரவள்ளி இலைகள் அதன் உடல். மாதுளம்பூ அதன் மூக்கு. தன் உள்ளத்தை ஊரறியச் செய்த பறவையைப் பிராட்டி தள்ளிவிடவில்லை. திருக்கையிலே ஏந்திக்கொண்டிருக்கிறாள் என்று நாம் அநுஸந்திக்கலாம்.

பத்தாம் பதிகத்தின் முடிவில் இதனினும் ஆழமான ஓர் இடம் உண்டு. எத்தனையோ பேரைத் தூது விட்டும் அவன் வாராதபோது, தோழியைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுகிறாள். நாம் என்ன செய்யக்கூடும்? வில்லிபுத்தூர் விஷ்ணுசித்தர் தம்முடைய தேவனைத் தமக்கு வல்லபடி வருவிப்பாராகில் அதைக் காண்போம் என்பது அதன் கருத்து. யாருடைய கண்ணுக்குத் தப்ப மாலையை மறைத்தாளோ, அந்தத் தந்தையே இப்பொழுது அவளுக்கு ஒரே புகல். தன் காதலின் மிகுதியைக் கொண்டு அவனைப் பெறலாம் என்ற நினைவும் கழிந்து, ஆசார்யரான ஆழ்வாருடைய அபிமானத்தையே பற்றி நிற்கிறாள். பதிகங்களின் முடிவில் தன்னை விஷ்ணுசித்தர் மகளாகவே அறிவித்துக்கொள்ளும் அருமையும் இங்கே விளங்குகிறது. தந்தைக்கு ஒளித்தவள் தந்தையின் பெயரோடு அல்லாமல் தன் பெயரை இட அறியாதவளானாள்.

வீதியில் சென்ற பல்லக்கு

மணப்பருவம் வந்தபோது ஆழ்வார் கலங்கினார். திவ்யதேசத்து எம்பெருமான்களின் பெருமைகளை அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, திருவரங்கன் பெயர் கேட்டவளவில் மகளின் திருமுகம் மலர்ந்தது என்பது வரலாறு. இது கூடுமா என்று அவர் ஏங்கியிருக்க, பெரிய பெருமாள் ஸ்வப்னத்தில் தோன்றி, உம்முடைய பெண்ணைத் திருவரங்கத்திற்கு அழைத்து வாரும் என்று நியமித்தான். திருவரங்கத்துக் கைங்கர்யபரர்களுக்கும் அவ்வாறே நியமனம் ஆயிற்று. குடை, சாமரம், வாத்தியங்களோடு பல்லக்கு வந்தது. ஊரெல்லாம் பார்த்திருக்க, சூடிக்கொடுத்தவள் வருகிறாள் என்று சின்னம் ஊதிக்கொண்டு பரிஜனங்கள் சென்றார்கள். பெரிய பெருமாள் திருமுன்பே, எல்லோரும் காணும்படி, கோதை உள்ளே புகுந்து அவன் திருமேனியோடு சேர்ந்தாள்.

தனியறையில், யாரும் வருமுன் களைந்துவிட வேண்டிய ஒரு மாலையோடு தொடங்கியது, சின்னங்கள் முழங்கும் வீதியில் முடிந்தது. ஆழ்வாருக்கு நேர்ந்தது மகிழ்ச்சியும் பிரிவும் ஒன்றான நிலை. ஒரே மகளைத் திருமகள்போல் வளர்த்தேன், செங்கண்மால் கொண்டுபோய்விட்டான் என்னும் கருத்தில் அவர் தாய்ப் பாசுரமாக அருளியதைப் பெரியோர்கள் இந்தப் பிரிவோடும் சேர்த்து அநுபவிப்பர்.

அண்ணனும் தங்கையும்

கோதையின் வழியைத் தம் வழியாகக் கொண்டவர் எம்பெருமானார். கி.பி. 1017இல் அவதரித்த அவர், ரஹஸ்யார்த்தம் பெறுவதற்காகத் திருவரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூருக்கு 18 முறை நடந்தார். நம்பி அவரைப் பலமுறை திருப்பியனுப்பியது பேராசையினாலன்று. உயர்ந்த பொருள் ஆசையற்றவர் செவியில் விழுந்து அவமதிக்கப்படலாகாது என்னும் பரிவினால். இதுவும் நாம் மூன்றாவதாக எண்ணிய மறைவே. பெற்ற அர்த்தத்தை எம்பெருமானார் ஆசையுடையோர் யாவர்க்கும் வெளியிட்டார். ஆசார்ய நியமனத்தைக் கடந்ததனால் தமக்கு நரகம் வருவதாயினும், கேட்டவர்கள் உய்வார்களே என்று விண்ணப்பம் செய்தார். நம்பி அந்தக் கருணையைக் கண்டு அணைத்துக்கொண்டு, எம்பெருமானார் என்று திருநாமம் சாத்தினார்.

எப்போதும் திருப்பாவையை அநுஸந்தித்தமையால் அவருக்குத் திருப்பாவை ஜீயர் என்றும் பெயர். திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்ததாக நாச்சியார் திருமொழியில் பிராட்டி பாடியிருக்கிறாள். அது நிறைவேறாமல் நின்றது என்று எண்ணி, எம்பெருமானார் அதை அங்கே ஸமர்ப்பித்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எழுந்தருளினார். பிராட்டி அர்ச்சை நிலையைக் கடந்து முன்னே வந்து, அவரைத் தன் அண்ணனாகக் கொண்டாடினாள் என்பது வரலாறு. அன்றுமுதல் அவர் கோயில் அண்ணன். நெஞ்சில் உள்ளதைத் தங்கை சொன்னாள். சொன்னதை அண்ணன் செய்து முடித்தார். அவளும் அவள் தோழியரை எழுப்பினாள். அவரும் ஆசையுடையோரை எல்லாம் கூட்டினார். இருவரும் உடன்பிறப்பானது பொருத்தமே.

நமக்கு உரியது

இதனால் எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும் என்று நாம் கொள்ளலாகாது. நம் பக்தியைப் பிறர் மெச்சுமாறு காட்டுவது தகாது. பிறருடைய குற்றத்தைக் கண்டால் மறைப்பதே வைஷ்ணவ லக்ஷணம். ஆசையற்றவரிடம் ரஹஸ்யத்தைப் பேசாதிருப்பதும் முறையே. இவை காக்கின்ற மறைவுகள்.

நாம் ஆராய வேண்டியவை வேறு மறைவுகள். அவற்றின் உள்ளே பெரும்பாலும் இருப்பது, நான் தகுதியற்றவன் என்று அளக்கப்பட்டுவிடுவேனோ என்ற அச்சமே. வீட்டில் பிள்ளைகள் நம்மிடம் மறைப்பதும் இதனாலேதான். உலகின் எந்த மூலையில் இருந்தாலும், ஒரு பிள்ளையின் மறைவு நம் கண்ணில் படும் நாள் ஒன்று வரும். அப்பொழுது ஆழ்வாரை நினைப்போம். அவர் வருந்தினார்; கண்டித்தார்; அது இயல்பு. ஆனால் தீர்ப்பைத் தம் கையில் வைத்துக்கொள்ளாமல் எம்பெருமான் முன் உள்ளபடி விண்ணப்பம் செய்தார். அவனுடைய நியமனம் தம் கருத்துக்கு மாறாக வந்தபோது, தம் கருத்தை விட்டுவிட்டார். மறுநாள் முதல் மகள் சூடிய மாலையையே மகிழ்ந்து எடுத்துச் சென்றார். சாஸ்த்ரம் அறிந்த ஒரு தந்தைக்கு அது எளியதன்று. நாம் பெற்ற ஆண்டாள் அந்த எளியதல்லாத காரியத்தின் பயன்.

நாம் மறைப்பதற்கும் மருந்து இதுவே. அந்தர்யாமியாய் உள்ளே இருப்பவனுக்கு நாம் மறைப்பது ஒன்றும் இல்லை. அறிந்தவனிடமே சொல்லுவதற்கு அஞ்சுகிறோம். சொன்னால் தள்ளிவிடுவானோ என்று நினைக்கிறோம். ஒருவேளை நாம் மறைத்துவைத்திருப்பது அவன் நெடுநாளாகக் காத்திருக்கும் மாலையாகவும் இருக்கக்கூடும். அன்றிக் குற்றமேயானாலும், நேரே சொல்லத் துணிவில்லையானாலும், ஆசார்யன் வாயிலாக விண்ணப்பம் செய்யலாம். பத்தாம் பதிகத்தின் முடிவில் பிராட்டி காட்டிய வழி அது.

புரட்டாசியில் திருமலை ப்ரஹ்மோத்ஸவத்துக் கருடஸேவைக்கும், சித்திரையில் கள்ளழகர் வைகையில் எழுந்தருளும் வைபவத்திற்கும், பிராட்டி சூடிக் களைந்த மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேளதாளத்தோடு புறப்படுகிறது. ஒருகாலத்தில் எவரும் காணலாகாது என்று குடலையில் திரும்ப வைக்கப்பட்ட மாலை அது. இன்று வேங்கடமுடையான் அதைச் சாத்திக்கொண்டு கருடன்மேல் எழுந்தருளுவதை லக்ஷக்கணக்கானோர் ஸேவிக்கிறார்கள்.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.
பெரியாழ்வார் திருவடிகளே சரணம்.
எம்பெருமானார் திருவடிகளே சரணம்.